எதிலும் கெட்டிக்காரி இல்லை என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: "சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறேன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. முறுக்கு சுடுவேன், கோலம் போடுவேன், வாளியில் செடி வைப்பேன், லீவு நாளில் தூண்டில் போடப் போவேன், பிள்ளைகளோடு ரப்பர் கொட்டை பொறுக்குவேன். எல்லாமே அரைகுறை. 'ஒன்றையாவது உருப்படியாகக் கற்றுக்கொள், இல்லாவிட்டால் விட்டுத்தொலை' என்கிறார் அண்ணன். பாட்டியின் பித்தளை முறுக்கு அச்சு பச்சை பிடித்துவிட்டது, அதையும் தூக்கிப்போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?"

விடாதீர்கள் தங்கச்சி. அச்சையும் போடாதீர்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணன் சொல்வது தொழிலுக்குப் பொருந்தும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்குக் கத்தி எவ்வளவு இறங்கலாம் என்பது கைக்கே தெரிந்திருக்க வேண்டும். உள்ளே புதுப்பட்டையை உண்டாக்கும் வளர்திசுவைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். கூடுதலாக விட்டால் பால் குறையும். கத்தி உள்ளே பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வீங்கி, புதுப்பட்டை வந்த பிறகும் சீராக வெட்ட வராது. அங்கே அரைகுறைக்கு இடமில்லை, கூலியே போய்விடும். நம் பெரியவர்கள் பலர் அந்தக் கண்டிப்பில் வளர்ந்தவர்கள். அதையே அடுப்படிக்கும் வாசலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். முறுக்கு உடைந்தால் யாருக்கும் கூலி போகாது.

மனமகிழ்ச்சிக்குச் செய்யும் காரியத்தில் தேர்ச்சி தேவையில்லை, அது எந்த இடத்தில் கெடும் என்று தெரிந்தால் போதும் என்பதுதான் என் கட்சி. ஒவ்வொன்றிலும் அப்படி மூன்று நான்கு இடங்கள்தான் இருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டு, ஏன் கெட்டது என்றே தெரியாமல் போவதால்தான் பலருக்கு வெறுத்துப்போகிறது. தவிலும் பரதமும் வருடக்கணக்கான சாதகம் கேட்பவை என்பதை நான் மறுக்கவில்லை. அதைச் சொல்லிச் சண்டைக்கு வர வேண்டாம். நான் பேசுவது நீங்கள் எழுதியிருக்கும் ஐந்தைப் பற்றி.

முறுக்கில் நீங்கள் எங்கே மாட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை, எண்ணெய்ச் சூட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அளவு: பச்சரிசி மாவு 4 கப், வாசனை வர வறுத்து அரைத்த உளுந்து மாவு 1 கப், வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, ஓமம் அல்லது சீரகம். இரண்டு மாவையும் சேர்த்து இரண்டு தடவை சலியுங்கள். உப்பைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். வெண்ணெயை முதலில் மாவில் பிசிறி, பிடித்தால் பிடியாக நிற்கும் பதம் வந்த பிறகே தண்ணீர். மொத்த மாவையும் ஒரே தடவையில் பிசையாதீர்கள். பிசைந்து வெகு நேரம் கிடந்த மாவு சிவந்துபோகும், எண்ணெயையும் குடிக்கும். இரண்டு மூன்று ஈடுக்கு வேண்டியதை மட்டும் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள்.

இனி கெடுகிற இடங்கள். பிழியும்போது இழை அறுந்தால் மாவில் ஈரம் போதவில்லை, அல்லது சலிக்காத குருணை அச்சின் கண்ணை அடைக்கிறது. எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்தால் வெண்ணெய் கூடிவிட்டது. அந்த மாவை எறிய வேண்டாம், அரிசி மாவு இரண்டு கரண்டி சேர்த்துப் பிசைந்தால் சரியாகும். கல் மாதிரி இருந்தால் வெண்ணெய் குறைவு. வெளியே சிவந்து உள்ளே நமுத்திருந்தால் தீ அதிகம். வெளுத்து எண்ணெய் சொட்டினால் சூடு போதவில்லை. சூட்டுக்குக் கருவி வேண்டாம், மிளகளவு மாவை உருட்டிப் போடுங்கள். அது அடியில் தங்கி மெல்ல எழுந்தால் இன்னும் காய வேண்டும். போட்ட உடனே மேலே வந்து கறுத்தால் தீயைக் குறையுங்கள். முழுகி இரண்டு மூன்று நொடியில் மேலே வந்தால் சரியான பதம்.

எடுக்கும் நேரத்தைக் காது சொல்லும். முறுக்கைச் சுற்றிக் கொதிக்கும் நுரை மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகப் போவதுதான். சலசல என்ற சத்தம் அடங்கி நுரையும் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது, எடுத்துவிடலாம். நிறத்தைப் பார்த்து எடுப்பவர்கள்தான் மறுநாள் நமுத்துவிட்டது என்பார்கள். நம் பக்கம் தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைவதும் உண்டு. ருசி தூக்கலாக இருக்கும், ஆனால் சீக்கிரம் சிவக்கும், அதிக நாள் தாங்காது. நன்றாக ஆறிய பிறகுதான் டின்னில் அடைக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலையில் மட்டும் எண்ணெய்ச் சட்டி வைக்காதீர்கள். தூக்கக் கண்ணோடு செய்கிற வேலை இல்லை அது.

ரப்பர் கொட்டையை நீங்கள் ஏதோ சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி கடைசியில் போட்டிருக்கிறீர்கள். ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு காயில் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. வெயிலில் காய்ந்ததும் ஓடு படீரென்று வெடித்துக் கொட்டையைப் பல மீட்டர் தூரத்துக்கு எறியும். அதனால் மரத்தடியில் மட்டும் தேடாதீர்கள். ஒரு கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பளபளப்பான பழுப்பு, அதன்மேல் கறுப்பும் சாம்பலுமாக மை தெறித்த மாதிரி புள்ளிகள், ஒரு பக்கம் சற்றுத் தட்டை. அந்தப் புள்ளிக்கோலம் ஒரு மரத்தின் எல்லாக் கொட்டையிலும் ஒரே மாதிரி இருக்கும். கொட்டையின் வெளி ஓடு தாய்மரத்தின் சதையிலிருந்து உண்டாவது, எந்த மரத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தாலும் ஓடு தாயைத்தான் கொள்ளும். ஒட்டுக்கட்டிய ஒரே இனத்து மரங்களும் அப்படியே. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு இனங்களைக் கொட்டையின் வடிவத்தையும் புள்ளியையும் வைத்தே அடையாளம் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்கு முட்டை அட்டை ஒன்று கொடுங்கள். குழிக்கு ஒரு மரம், எந்த மரம் என்று சின்னத் துண்டுத்தாள். புள்ளி வேறுபடும் மரங்களின் கொட்டைகளைக் கலந்து கொட்டி, மறுபடி பிரிக்கச் சொல்லுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூசணம் பிடித்துப் பளபளப்புப் போய்விடும், இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். முளைக்கப் போட வேண்டுமானால் விழுந்த சில நாளுக்குள் போட வேண்டும், அதன் உயிர் சீக்கிரம் போய்விடும். பச்சைப் பருப்பில் சயனைடு சேர்மம் உண்டு, வாயில் வைக்கவிடாதீர்கள். கோலகங்சார் பக்கத்தில்தானே இருக்கிறது? 1877இல் அங்கே நட்ட 9 ரப்பர் கன்றுகளில் ஒன்று, மாவட்ட நில அலுவலகத்தை ஒட்டி, இன்னும் மரமாக நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நம் பாட்டன்மார் பலர் கப்பலேறி வந்ததற்கு ரப்பர்தான் காரணம்.

கோலத்துக்கு ஒரே ஒரு விஷயம். ஊடுபுள்ளி 7–4 கோலத்தில் நடுவில் 7, இருபுறமும் 6, 5, 4, மொத்தம் 37 புள்ளி. நடு வரிசை சாய்ந்தால் மீதி 30 புள்ளியும் அதோடு சாயும். ஆகவே 7 புள்ளியையும் வைத்துவிட்டு, எழுந்து நின்று ஒரு தடவை பார்த்த பிறகே அடுத்த வரிசை. தாமான் வீட்டு வாசலில் டைல்ஸ் இருந்தால் மாவு ஒட்டாது, காற்றில் ஓடும். ஈரத்துணியால் துடைத்து, முழுதும் காய்வதற்குள் போடுங்கள். இல்லையென்றால் ஊறவைத்த பச்சரிசியை மையாக அரைத்து மாக்கோலம். தீபாவளிக்கு வண்ண அரிசிக் கோலம் என்றால் 1 கிலோ மலிவு அரிசிக்கு, உணவுச் சாயம் 1 தேக்கரண்டியை 2 மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் குலுக்கி, செய்தித்தாளில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். தண்ணீர் கூடினால் அரிசி ஊறி நாற்றம் வரும்.

வாளிச் செடிக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மண் 3 பங்கு, மக்கிய எரு 2, மணல் 1. வாளியின் அடியில் நான்கைந்து துளை. கங்கோங் கீரையை நட்ட 3, 4 வாரத்தில் அறுக்கலாம். வெண்டைக்காய் நுனி பட்டென்று ஒடிந்தால் இளசு, வளைந்தால் முற்றிவிட்டது. வாளிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் வாரம் தவறாமல் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும்.

தூண்டில்: திலாப்பியாவுக்கு 8ஆம் நம்பர் அல்லது 10ஆம் நம்பர் முள். நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும். 6 பவுண்டு நரம்பு, பட்டாணி அளவு ரொட்டி உருண்டை. இரை மட்டும் காணாமல் போகிறது என்றால் முள்ளும் உருண்டையும் பெரிது என்று அர்த்தம். மிதவை ஆடும்போது இழுக்காதீர்கள், நகர்ந்து ஓடும்போது இழுங்கள். பாத்தின், ஜெலாவாட் மீன்களுக்குப் பழுத்த செம்பனைப் பழம் நல்ல இரை, ஆனால் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழமும் தோட்டத்துச் சொத்துதான், கேட்டு எடுங்கள். ஈயம் தோண்டிவிட்ட பழைய குட்டைகளில் கரையிலிருந்து இரண்டடியிலேயே ஆளை முழுக்கும் ஆழம் இருக்கும், ஓரத்து மணலும் சரியும். அங்கே பிள்ளைகளோடு போக வேண்டாம். மாலையில் இடி கேட்டால் மீன் கடிக்கிற நேரமாக இருந்தாலும் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள். கார்பன் கோலில் மின்சாரம் பாயும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சரி. நம் ஊர்களில் பொதுமண்டபத்துப் பூப்பந்து இடம் யாருக்குக் கிடைக்கிறது? போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் குழுவுக்கு. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடலாம் என்று நினைக்கும் நாற்பது வயது அம்மாவுக்குச் சாவி கிடைக்காது. "எந்த டீம்?" என்றுதான் முதல் கேள்வி. பொதுக் காசில் கட்டின மண்டபத்தில் சும்மா ஆடுவதற்கும் நேரம் ஒதுக்கினால் என்ன? வாரத்தில் இரண்டு இரவு போதும். கோலத்துக்குப் போட்டி, செடிக்குப் போட்டி, பரிசு வாங்காதவர்கள் ஓரமாக நிற்க வேண்டும். உங்கள் அண்ணன் அப்படிப் பேசுவதற்கும் இதுதான் மூலம் என்பது என் எண்ணம். அவரைக் குறை சொல்லவில்லை, ஊரே அப்படிப் பழக்கியிருக்கிறது.

ஐந்தையும் சேர்த்து நடத்துவதற்கு ஒரு வழி: ஒவ்வொன்றுக்கும் தனி பிஸ்கட் டின். தூண்டில் டின்னில் முள், மிதவை, ஈயக்குண்டு, சின்னக் கத்தரி. கோல டின்னில் மாவு, நூல், சாக்பீஸ். ஒரு மணி நேரம் கிடைத்தால் சாமான் தேடியே அரை மணி போய்விடக் கூடாது. மூன்று மாதம் ஒரு டின்னைத் திறக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, அது அங்கேயே இருக்கட்டும். புதிதாக வாங்குவதற்கு மட்டும் அளவு வையுங்கள். முதல் தடவை 30 வெள்ளிக்குள்.

ஆறாவதாக ஒன்று வேண்டுமென்றால், செம்பனைக் காட்டில் எலி பிடிக்க ஆந்தைக்குக் கம்பத்தின்மேல் பெட்டி வைத்திருப்பார்கள். ஆந்தை எலியை அப்படியே விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் கறுப்பு உருண்டையாகக் கக்கும். தோட்டத்தில் அனுமதி கேட்டு, கீழே விழுந்ததை மட்டும் எடுங்கள், பெட்டியைத் தொடாதீர்கள். கையுறை அவசியம், எலிக்காய்ச்சல் பயம் உண்டு. சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பல்குச்சியால் பிரியுங்கள். செம்மஞ்சள் நிற முன்பற்களோடு கீழ்த்தாடைகள் வரும். இரண்டு பாதி சேர்ந்தால் ஒரு எலி. எண்ணினால் அந்த உருண்டையில் எத்தனை எலி என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இனி பாட்டியின் அச்சு. பித்தளையில் பிடித்த பச்சை செம்புக்களிம்பு. அதோடு பிழிந்து சாப்பிடக் கூடாது, அந்த வரைக்கும் அண்ணன் சொன்னது சரி. ஆனால் போய்விடும். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, ஒரு கரண்டி கல்லுப்பு சேர்த்து, பத்து நிமிடம் தடவி வைத்து, தேங்காய் நாரால் தேயுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், கீறலில்தான் களிம்பு மறுபடி தங்கும். அச்சுத் தட்டின் கண்களைப் பழைய பல்துலக்கியால் இரண்டு பக்கமும் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணிலும் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பச்சை தெரிந்தால் இன்னொரு தடவை புளி. பிறகு கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். முதல் ஈட்டுக்கு முன் கொஞ்சம் மாவைப் பிழிந்து எறிந்துவிடுங்கள். சுட்டு முடித்த இரவே கழுவிவிட வேண்டும். உப்பு மாவு உள்ளே ஒட்டிக்கொண்டு விடிய விடியக் கிடந்ததால்தான் உங்கள் அச்சு பச்சை பிடித்திருக்கும்.