விகிதமா, எண்ணிக்கையா? மக்கள்தொகைச் சூழலியல் கேள்வி பதில்

இனக்கூட்டம் (ஓரிடத்தில் வாழும் ஒரே இன உயிர்கள்), மக்கள்தொகை, அவற்றின் கணக்கு, பள்ளி கல்லூரிக் களப்பயிற்சி: இவற்றில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். தொகுதி மறுவரையறைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் வேறு ஆள் பாருங்கள். கேட்கும் முன் நீங்கள் சொல்லும் எண் விகிதமா, எண்ணிக்கையா என்று எழுதிவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

1. பிளஸ் டூ, தேனி: மேடம், ஜே வடிவ வளைவுக்கும் எஸ் வடிவ வளைவுக்கும் என்ன வித்தியாசம்?

ஜே வடிவில் தலைக்கு இவ்வளவு என்ற வளர்ச்சி விகிதம் மாறாது. எஸ் வடிவில் கூட்டம் பெருகப் பெருக அது குறைந்து, தாங்குதிறனை, அதாவது அந்த இடம் நீடித்துத் தாங்கக்கூடிய எண்ணிக்கையை, தொடும்போது சுழியமாகும். பெல்ஜியக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் 1838-ல் தந்த சூத்திரம்: மாற்றம் = ஆர் × என் × (1 − என்/கே). ஆர் என்பது தடையில்லாத வளர்ச்சி விகிதம், என் இப்போதுள்ள எண்ணிக்கை, கே தாங்குதிறன். மதிப்பெண் போகும் இடம் ஒன்று உண்டு. ஆண்டுச் சேர்க்கை மிக அதிகமாக இருப்பது வளைவின் உச்சியில் அல்ல, கே-யின் பாதியில். கே 1000, ஆர் 0.2 என்று போட்டுப் பாருங்கள். 100 உயிர் இருக்கும்போது சேர்வது 18, 500 இருக்கும்போது 50, 900 ஆனதும் மறுபடி 18. விகிதம் தொடக்கத்திலிருந்தே இறங்குகிறது. எண்ணிக்கை ஏறி இறங்குகிறது.

2. டிஎன்பிஎஸ்சி தம்பி: 2001–2011-ல் இந்தியாவின் வளர்ச்சி 17.7 சதவீதம். அப்படியானால் ஆண்டுக்கு 1.77 தானே?

இல்லை தம்பி. பத்தாண்டு எண்ணைப் பத்தால் வகுக்கவே கூடாது, இது கூட்டு வட்டி. ஆண்டுக்கு 1.77 என்றால் பத்தாண்டில் 19.2 சதவீதம் ஆகிவிடும். 1.177-இன் பத்தாம் மூலம் எடுங்கள், விடை 1.64. தமிழ்நாட்டின் 15.6 சதவீதத்துக்கு இதே முறையில் 1.46 வரும். இரட்டிப்புக் காலம் வேண்டுமானால் 70-ஐ ஆண்டு விகிதத்தால் வகுத்தால் போதும்: 1.64-க்கு ஏறத்தாழ 43 ஆண்டு. தப்பான 1.77-ஐப் போட்டால் மூன்று ஆண்டு பிசகும். இந்த எழுபது விதி சின்ன விகிதங்களுக்குத்தான் சரியாக வரும்.

3. கொங்குநாட்டான்: நாட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தைதான் என்கிறார்கள். அப்புறம் ஏன் மக்கள்தொகை இன்னும் கூடுகிறது?

நல்ல கேள்வி, விரிவாகச் சொல்கிறேன். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மொத்தக் கருவுறுதல் விகிதம் (டி.எஃப்.ஆர்., ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள்) 2.0, 1992–93-ல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் அது 3.4. ஒரு தலைமுறை தன் இடத்தை அப்படியே நிரப்பத் தேவையான ஈடுசெய்யும் அளவு 2.1. அதற்குக் கீழே வந்துவிட்டோம் என்பது உண்மைதான். ஆனால் இன்று பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள், விகிதம் மூன்றுக்கு மேல் இருந்த காலத்தில் பிறந்த பெரிய கூட்டம். ஆளுக்கு இரண்டே பெற்றாலும் பெறுகிற ஆட்கள் அதிகம். சாகிற வயதில் இருப்பவர்களோ அதற்கு முந்தைய சின்னக் கூட்டம்.

ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 25 வயதுக்குக் கீழே 500 பேர், 25 முதல் 49 வரை 300, 50 முதல் 74 வரை 150, மொத்தம் 950. இன்று முதல் ஒவ்வொருவரும் தன் இடத்துக்குச் சரியாக ஓர் ஆளை மட்டுமே விட்டுச் செல்கிறார். 75 வயதில் எல்லோரும் விடைபெறுகிறார்கள். 25 ஆண்டு கழித்து: அந்த 500 பேர் நடுவயது, அவர்கள் பிள்ளைகள் 500, முதியோர் 300. மொத்தம் 1300. இன்னும் 25 ஆண்டு கழித்து 500, 500, 500: மொத்தம் 1500. அதற்குமேல் ஏறாது. முதல் நாளிலிருந்தே ஈடுசெய்யும் அளவில் இருந்தும் 58 சதவீதம் கூடிவிட்டது. இதை மக்கள்தொகை உந்தம் என்பார்கள். ஐ.நா.வின் 2024 மதிப்பீட்டில் இந்தியா 2060-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 170 கோடியைத் தொட்டு, பிறகு இறங்கும்.

4. யாழ் வாசகர்: ரீச்சர், சனத்தொகை நிலைமாற்றத்துக்கு இலங்கையை ஏன் எப்பவும் உதாரணம் காட்டீனம்?

வேகத்துக்காக. 1946-ல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947-ல் ஏறத்தாழ 14. ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் பிடித்த சரிவு அங்கே ஓர் ஆண்டில் நடந்தது. பிறப்பு வீதம் உடனே கூட வரவில்லை, 1950-கள் முழுக்க 35-க்கு மேலேயே நின்றது. இடைவெளி முழுவதும் வளர்ச்சி. நிலைமாற்றத்தின் இரண்டாம் கட்டம் என்பது இதுதான்: சாவு முதலில் குறையும், பிறப்பு பின்னால் வரும்.

டிடிடி பூச்சிக்கொல்லி தெளித்து மலேரியாவை ஒழித்ததே காரணம் என்று பழைய பாடநூல்கள் ஒரே வரியில் முடிக்கும். அதை அப்படியே எழுதாதேங்கோ. மலேரியா குறைவாக இருந்த மாவட்டங்களிலும் இறப்பு சரிந்தது. இலவச மருத்துவம், பெண் கல்வி, போருக்குப் பிந்தைய உணவு விநியோகம் எல்லாவற்றுக்கும் பங்குண்டு.

5. மதுரை மல்லி: மேடம், டி.எஃப்.ஆர். 2.0 ஆன பிறகும் ஜனத்தொகை கூடுவது எப்படி?

மூன்றாம் பதில்.

6. வைகைக்கரை: பொருளியலாளர் மால்தஸ் 1798-லேயே சொன்னார், உணவைவிட மக்கள் வேகமாகப் பெருகுவார்கள் என்று. பூமி தாங்காது. மான் கூட்டம் போல ஒருநாள் மொத்தமாகச் சரியப் போகிறோம்.

எந்த மான் கூட்டம் என்று சொல்லாமல் எல்லோரும் சொல்லும் கதை இது. அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவு. 1944-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 29 துருவ மான்களை (ரெயின்டீர்) கொண்டுவிட்டது. வேட்டையாட விலங்கு கிடையாது, குளிர்காலத் தீனியாக லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிரி) தரையெல்லாம் கனமாகப் படர்ந்திருந்தது. 1957-ல் 1350, 1963-ல் 6000. அந்த ஆண்டுக் கடுங்குளிருக்குப் பிறகு 1966-ல் எண்ணியபோது மிஞ்சியது 42. லைக்கன் மிக மெதுவாக வளர்வது. மேய்ந்து தீர்ந்ததும் தீவின் தாங்குதிறனே விழுந்துவிட்டது. கே-யைத் தாண்டினால் கூட்டம் கே-க்குத் திரும்பி வந்து நிற்கும் என்று நினைக்க வேண்டாம், கே-யும் கூடவே கீழே போகலாம்.

மனிதருக்கு இதை அப்படியே ஒட்ட முடியாது. மான் லைக்கனுக்கு மாற்றுப் பயிர் வைக்காது. வசதி கூடியதும் குட்டி ஈனுவதைக் குறைக்காது. மனிதர் இரண்டையும் செய்தார்கள்.

7. கணக்குப்பிள்ளை: அப்படிப் போடுங்க மேடம். மக்கள் பெருகினால் வளம் தீரும் என்ற உயிரியலாளர் எர்லிக் 1980-ல் பொருளியலாளர் சைமனோடு பந்தயம் கட்டித் தோற்றாரே! மனித மூளை இருக்கும்வரை வளம் தீராது.

பந்தயம் உண்மை. செம்பு, குரோமியம், நிக்கல், தகரம், டங்ஸ்டன் ஆகிய ஐந்தின் விலை பத்தாண்டில் ஏறும் என்றார் எர்லிக். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் 1990-ல் இறங்கியிருந்தது. சைமன் வென்றார். ஆனால் 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் உலோக விலைகள் நன்றாக ஏறின. அப்போது பந்தயம் கட்டியிருந்தால் எர்லிக் கை ஓங்கியிருக்கும். ஒரு பத்தாண்டு விலையை வைத்து எந்தக் கட்சியும் கொடி பிடிக்க வேண்டாம்.

வைகைக்கரை: அப்ப தாங்குதிறன் எத்தனை கோடி? ஒரு எண் சொல்லுங்க.

சொல்ல மாட்டேன். மக்கள்தொகை ஆய்வாளர் ஜோயல் கோஹன் 1995-ல் அதுவரை வந்த மதிப்பீடுகளைத் தொகுத்தபோது, 100 கோடிக்குக் குறைவு முதல் ஒரு லட்சம் கோடிக்கு மேல் வரை இருந்தன. பெரும்பாலானவை 400 முதல் 1600 கோடிக்குள். என்ன சாப்பிடுவோம், எத்தனை நூற்றாண்டுக்கு என்று சொல்லாமல் ஒற்றை எண் தருபவரை நம்பாதீர்கள்.

நைட்ரஜனைப் பாருங்கள். வேதியியலாளர் ஹேபர் 1909-ல் காற்றிலிருந்து அம்மோனியா எடுத்துக் காட்டினார். 1913-ல் பாஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுபோனார். இன்று உலகில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு அந்த உரத்தை நம்பியிருக்கிறது. மால்தஸின் கணக்கில் அந்த உரம் இல்லை. இந்தியக் கோதுமை விளைச்சல் 1965-ல் 1.2 கோடி டன், 1970-ல் 2 கோடி டன். இதுவரை கணக்குப்பிள்ளைக்குச் சாதகம். ஆனால் அந்த அம்மோனியாவுக்கு இயற்கை எரிவாயு வேண்டும், அந்தக் கோதுமைக்கு ஆழ்துளைக் கிணறு வேண்டும். மழை ஊறவைப்பதைவிட வேகமாக இறைத்தால் அது கடன் வாங்கிய தாங்குதிறன். பஞ்சாபில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போவது அந்தக் கடன்தான்.

கணக்குப்பிள்ளை: அப்ப நான் சொன்னது பாதி சரி.

வைகைக்கரை: பாதி தப்பு.

இதோடு விடுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

8. சென்னை வாசி: தொகுதி மறுவரையறையில் தெற்குக்கு அநியாயம்தானே?

முதல் பத்தியைப் படியுங்கள். சட்ட விவரம் மட்டும்: 1976-ல் அரசியலமைப்பின் 42-ஆம் திருத்தம் 1971 கணக்கெடுப்பை வைத்து மாநிலங்களின் மக்களவை இடங்களை மாற்றாமல் நிறுத்திவைத்தது, 2001-ல் 84-ஆம் திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

9. புள்ளியியல் பிரியன்: தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் ஒரு இடத்தில் 1.8, இன்னொரு இடத்தில் 1.4. எது சரி?

இரண்டும் அதனதன் முறையில் எடுத்தவை. 1.8 என்பது 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பு: வீடு வீடாகப் போய் 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் பேறு விவரம் கேட்டு, முந்தைய மூன்று ஆண்டுக்குச் சராசரி போடுவது. 1.4 என்பது மாதிரிப் பதிவு முறையின் 2020 எண்: தேர்ந்தெடுத்த பகுதிகளில் ஒருவர் தொடர்ந்து பிறப்பு இறப்பைப் பதிவார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் போய்ச் சரிபார்ப்பார். ஒப்பிடும்போது ஒரே மூலத்தின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று எடுத்து "ஒரே ஆண்டில் சரிந்தது" என்று எழுதாதீர்கள்.

10. கடலூர் கதிர்: உலக வளர்ச்சி பாதியாகிவிட்டது என்கிறார்கள். ஆனாலும் வருஷம் ஏழு கோடி கூடுகிறதாமே?

மறுபடி விகிதமும் எண்ணிக்கையும். 1960-களின் தொடக்கத்தில் 320 கோடி பேர், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.2 சதவீதம்: சேர்ந்தது 7 கோடி. 2023-ல் 810 கோடி, 0.9 சதவீதம்: அதே 7 கோடிச் சொச்சம். இடையில் 1990-ஐ ஒட்டி 9 கோடியைத் தாண்டியது. விகிதத்தின் உச்சமும் சேர்க்கையின் உச்சமும் வெவ்வேறு காலத்தில் வந்தவை. மொத்த எண்ணிக்கையின் உச்சம் இன்னும் வரவில்லை. 2080-களில் ஏறத்தாழ 1030 கோடி என்பது ஐ.நா. கணிப்பு.

11. நெல்லைச் சீமை: 1921-ஐ ஏன் பெரும் பிளவு ஆண்டு என்கிறார்கள்?

1911–21-ல் இந்திய மக்கள்தொகை 0.31 சதவீதம் குறைந்தது, முக்கியமாக 1918 இன்ஃபுளூயன்சா கொள்ளைநோயால். அதன் பிறகு எந்தக் கணக்கெடுப்பிலும் குறைந்ததில்லை.

12. பசுமைப் படை: ஜனத்தொகை குறைந்தால் சுற்றுச்சூழல் தானாகச் சரியாகிவிடும் இல்லையா?

தானாக ஆகாது. ஆள் குறைந்தாலும் வீடுகள் கூடலாம். ஆறு பேர் ஒரே கூரையில் இருந்தால் ஒரு ஃபிரிட்ஜ். மூன்று வீடாகப் பிரிந்தால் மூன்று. தாக்கம் = மக்கள் × தலைக்கு நுகர்வு × தொழில்நுட்பம். முதலாவதை மட்டும் பார்த்து மற்ற இரண்டையும் விட்டால் விடை தப்பும்.

13. ஆர்.கே.: மேடம் இரண்டு குழந்தைதான் என்றால் ஏன்...

மூன்றாம் பதில். கிராமக் கணக்கைத் தாளில் ஒருமுறை போடுங்கள்.

14. அறிவியல் ஆசிரியர், அரியலூர்: ஒரு கூட்டத்தில் எத்தனை உயிர் என்று மதிப்பிடக் குறியிட்டு மறுபடி பிடிக்கும் முறையை வகுப்பில் உயிரினம் இல்லாமல் எப்படிக் காட்டுவது?

புளியங்கொட்டை போதும் ஐயா. துணிப்பையில் எண்ணாமல் 250 அளவுக்குப் போடுங்கள். ஒரு கை அள்ளி 60-ஐ எடுத்து நெயில் பாலிஷால் புள்ளி வைத்து, நன்றாகக் காய்ந்த பின் பையில் போட்டுக் குலுக்குங்கள். பார்க்காமல் 50 எடுங்கள். அதில் புள்ளி வைத்தது 12 என்றால் மொத்தம் 60 × 50 ÷ 12 = 250. மறுபிடிப்பு எண் சின்னதாக இருக்கும்போது சாப்மன் திருத்தம் நல்லது: 61 × 51 ÷ 13, அதில் ஒன்று கழித்தால் 238. பிறகு பையைக் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு விடை வரும். சராசரியும் சிதறலும் பலகையில் எழுதுங்கள்.

பிழைகளையும் இதிலேயே காட்டலாம். பாலிஷ் காயாமல் உரிந்துபோனால் குறியிட்டது குறைவாக வரும், மதிப்பீடு ஏறிவிடும். குலுக்காமல் மேலிருந்தே எடுத்தால் குறியிட்டது அதிகம் வந்து மதிப்பீடு இறங்கும். கூண்டுத் தீனிக்குப் பழகிய எலி மறுபடி வந்து மாட்டுவதும் இதே பிழைதான். நடுவில் ஒரு பிடி புதுக் கொட்டை சேர்த்தால் வெளியிலிருந்து குடியேற்றம். வெளியே செய்வதானால் பள்ளித் தோட்டத்து நத்தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஓட்டில் சின்னப் புள்ளி போதும். பெரிய புள்ளி வைத்தால் பறவை கொத்திப் போய்விடும், அதுவும் குறி உரிந்த பிழையாகவே கணக்கில் வரும். காட்டு விலங்கு எதையும் வனத்துறை அனுமதி இல்லாமல் தொட வேண்டாம்.