'தேதி முந்திவிட்டது' என்று சொன்ன ரத்தம்

கேள்வி: எனக்கு 36 வயது. ஊர் கருங்கல் பக்கம். கணவர் துபாயில் இருக்கிறார். முடி கொட்டுகிறது, வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது. போன லீவில் அவர் வந்திருந்தபோது உறவுக்குப் பிறகு 3 தடவை ரத்தம் பட்டது. 'தேதி முந்திவிட்டது' என்று சொல்லிவிட்டேன். மெடிக்கலில் ரத்தம் நிற்க மாத்திரை வாங்கிப் போட்டேன். யூடியூபில் புற்றுநோய் என்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் எனக்கு ஒருவரோடு பழக்கம் இருந்தது. டெஸ்ட் எடுத்தால் அது தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது. எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. உறவின் வழியே பரவிக் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும். அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று ரிசல்ட் சொல்லாது. உங்கள் கணவரிடமிருந்தும் வந்திருக்கலாம். பெண்ணின் உடம்பைப் பார்த்து அவளுடைய பழைய வாழ்க்கையைப் படித்துவிடலாம் என்பதற்கு மருத்துவத்தில் இடமில்லை. பெண்ணுக்கு முன்பே உறவுப் பழக்கம் உண்டா என்று வன்கொடுமை வழக்குகளில் விரலை விட்டுப் பார்த்துவந்த இருவிரல் சோதனையைச் செய்பவர்தான் ஒழுங்கு மீறிய குற்றவாளி என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முடியை விடுங்கள். நாற்றமும் அரிப்பும் இல்லாத வெள்ளைப்படுதலுக்கு மருந்தே வேண்டாம். இடுப்பு வலியைப் பரிசோதனையின்போது சொல்லுங்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த ரத்தம்தான் எனக்குக் கவலை. உறவுக்குப் பின் ரத்தம் பட்டால், ஒரு தடவையே ஆனாலும், கருப்பை வாயைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் கிருமித் தொற்று, சின்னச் சதை வளர்ச்சி என்று சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 2-வது இடத்தில் இருக்கிறது, அதன் முக்கியமான அறிகுறி இதுதான். வைரஸ் தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் முழுதாகத் தடுக்கலாம். மாத்திரை போட்டு ரத்தத்தை நிறுத்துவது இந்த அறிகுறியை அழிப்பது. யார் சொல்லி அதை வாங்கினீர்கள்? இனி ஒன்றுகூடப் போடாதீர்கள். யூடியூப் பார்த்துப் புற்றுநோய் என்று முடிவு கட்டுவதும் அதே தவறுதான்.

நீங்கள் பொய் சொன்னதற்கு நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். 2003-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவ மாணவியரிடம் எத்தனை பேரோடு உறவு இருந்தது என்று கேட்டு ஓர் ஆய்வு வந்தது. பதிலை அடுத்தவர் பார்க்கக்கூடும் என்று நினைத்த பெண்கள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னார்கள். பொய் கண்டுபிடிக்கும் கருவியில் இணைத்திருப்பதாக நம்பிய பெண்கள் ஆண்களுக்கு ஈடான எண்ணிக்கையையே சொன்னார்கள். அங்கேயே அப்படியென்றால், ஆணுக்கு 'வாலிபத்தில் எல்லாம் சகஜம்' என்றும் பெண்ணுக்கு 'நடத்தை சரியில்லை' என்றும் பேசுகிற நம் ஊரில் உண்மை எப்படி வாயில் வரும்? என்னிடம் வரும் பெண்களும் மாமியாரோ மைனியோ பக்கத்தில் இருந்தால் 'ஒண்ணும் இல்ல டாக்டர்' என்பார்கள். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினால்தான் வலியும் ரத்தமும் பேச்சுக்கு வரும். அதற்குள் சிலருக்கு 2 வருடம் வீணாகியிருக்கும். அது என்னை இன்றும் வருத்துகிறது.

பழைய பழக்கத்தைக் கணவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் முடிவு. ரத்தத்தை மட்டும் மறைக்காதீர்கள். 'ரத்தம் பட்டது, டாக்டரைப் பார்க்கப் போறேன்' என்று இன்றைக்கே போனில் சொல்லுங்கள். தொற்று என்று தெரிந்தால் சில சமயம் அவரும் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கருப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். ஆனால் உங்களுக்கு ஏற்கனவே ரத்தம் பட்டிருப்பதால் அதோடு நிறுத்தாமல், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு இல்லாத நாளாக, இந்த வாரமே போங்கள். துணைக்கு யார் வந்தாலும் டாக்டர் அறைக்குள் தனியாகப் போய், முதல் வார்த்தையாக ரத்தத்தைச் சொல்லுங்கள்.