பாமசிக்காரர் ஏன் ‘தரமாட்டேன்’ என்கிறார்?

மாரி தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களின் முகமும் மாறிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்க்குரு, தோல் அரிப்பு, முடி உதிர்வு என்று கேட்பார்கள். மழை விழுந்துவிட்டால் காய்ச்சல், வயிற்றோட்டம், வெள்ளம்தான். இம்முறை வந்தவற்றில் பாதி, பாமசிக்காரர்மேல் கோபத்தில் எழுதியவை. ஒரு சிறு திருத்தமும் சொல்லவேண்டும். ‘டாக்டர் ஐயா’ என்று பலர் தொடங்குகிறீர்கள். நான் மருந்தாளர். வைத்தியர் எழுதியதைப் படித்து, சரிபார்த்து, எண்ணிக் கொடுப்பவன். அந்த மேசைக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்கிறேன்.

நான்கு வயது மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பனடோல் பாணி கொடுத்தால் இறங்கி, திரும்ப ஏறுகிறது. போன வருடம் கொடுத்த மெபனமிக் அசிட் பாணியைக் கேட்டேன். சந்தியிலுள்ள பாமசியில் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கத்தானே கேட்டேன்? – ஒரு தாய், கிண்ணியா

அந்தப் பாமசியை விட்டுவிடாதீர்கள், சகோதரி. உங்கள் மகனுக்கு அன்று கிடைத்த நல்ல சேவை அதுதான்.

2017ஐ உங்கள் ஊர் மறந்திருக்காது. அந்த ஒரு வருடத்தில் நாடு முழுவதும் டெங்கு சந்தேக நோயாளர் எண்ணிக்கை 186,000ஐத் தாண்டியது. வருடத் தொடக்கத்திலேயே மிக மோசமாக அடிபட்ட இடங்களில் கிண்ணியாவும் ஒன்று. டெங்குவில் இரத்தத் தட்டுகள் குறையும். குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும். மெபனமிக் அசிட், ஐபுபுரோபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் ஆகியவை இரைப்பையைப் புண்ணாக்கி, தட்டுகளின் வேலையையும் கெடுத்து, இரத்தக் கசிவுக்கு வழிதிறக்கும். காய்ச்சலுக்கென்று குதத்தில் வைக்கும் டைக்குளோபெனக் மருந்தும் இதே வகைதான். காய்ச்சலை அவை வேகமாக இறக்கும் என்பது உண்மை. ஆனால் டெங்குவா இல்லையா என்று தெரியாத இரண்டாம் நாளில் அந்த வேகம் நமக்குத் தேவையில்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், மாலை நெரிசலில் ஒரு பெரியவர் வந்து “உடம்பு உளைவுக்கு இரண்டு குளிசை தாருங்கள் தம்பி” என்றார். டைக்குளோபெனக் கொடுத்துவிட்டேன். காய்ச்சல் இருக்கிறதா, குளிசை யாருக்கு என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவருடைய மகன் வந்து, அம்மா வாந்தியில் இரத்தம் கண்டு வார்டில் இருப்பதாகச் சொன்னார். அந்த அம்மா பிழைத்துவிட்டார். அன்றிலிருந்து “யாருக்கு? காய்ச்சல் இருக்கிறதா?” என்று கேட்காமல் ஒரு நோக்குளிசைகூட என் கையிலிருந்து போவதில்லை. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

இனி மகனுக்கு. பரசிற்றமோல் மட்டும். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 16 கிலோ பிள்ளைக்கு அது 240 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியென்றால் 10 மில்லிலீற்றர். போத்தலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இரட்டிப்புச் செறிவுள்ள பாணியும் கடையில் இருக்கிறது. காய்ச்சல் 38 பாகைக்குக் கீழே வரவில்லையே என்று இடையில் இன்னொரு கரண்டி ஊற்றாதீர்கள், ஈரல்தான் அடிவாங்கும். நாளை மூன்றாம் நாள், வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்கள் எதுவும் வேண்டாம். வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று வார்டில் யாருக்கும் தெரியாது. வயிற்றுநோவு, நிற்காத வாந்தி, சோர்ந்து படுத்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, எங்காவது இரத்தக் கசிவு – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவென்று பார்க்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகத் தூங்கப் போகும் வீடுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது.

பப்பாசி இலைச் சாறு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வார்டில் ஏற்றும் சேலைனுக்கு அது ஈடாகாது. வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கசப்புச் சாறு பருக்குவது எனக்குப் பிடிக்காத வேலை.

எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே போடும் டொக்சிசைக்கிளின் குளிசையை வீட்டிலுள்ள ஆறு பேருக்கும் சேர்த்து வாங்கப் போனேன். பொதுச் சுகாதார பரிசோதகரிடம் போகச் சொல்கிறார்கள். ஏன் அலைக்கழிக்கிறார்கள்? – விவசாயி, தம்பலகாமம்

வயலில் இறங்குபவர் எத்தனை பேர்? நீங்களும் மூத்த மகனுமாக இருக்கலாம். மற்ற நால்வருக்கு அது எதற்கு? கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அந்தக் குளிசை பொருந்தாது. வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்தும்கூட. சேற்றில் இறங்கும் விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக அது இலவசமாகவே கிடைக்கிறது. யாருக்குக் கொடுத்தோம் என்ற பதிவும் அங்கே இருக்கும்.

வழமையான முறை, வாரத்துக்கு ஒரு நாள் 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு. சாப்பிட்ட பிறகு, ஒரு குவளை தண்ணீர் முழுவதையும் குடித்து விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருங்கள். தொண்டைக்குழியில் ஒட்டினால் புண்ணாகிவிடும். பால், இரும்புச்சத்துக் குளிசை, இரைப்பை அமிலத்துக்கான மருந்து ஆகியவற்றோடு சேர்த்து வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்காதீர்கள். விதைப்புக் காலத்தில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும். சொல்லாமலும் இருக்க முடியாது. குளிசை போட்டும் காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் நொந்து, கண் சிவந்தால் “வயலில் இறங்கினேன்” என்பதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மாவிலாறு அணை உடைந்த நாட்களில் மின்சாரம் இல்லாமல் தவித்தோம். அம்மாவின் இன்சுலினை என்ன செய்வதென்றே தெரியவில்லை. அடுத்த முறைக்கு வழி சொல்லுங்கள். – மூதூர்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த அந்த வெள்ளத்தை எங்களால் மறக்க முடியுமா? உங்கள் கேள்விக்குப் பதிலாக முன்பு கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கடற்றொழில் செய்யும் வீட்டுப் பெண் ஒருவர் மீன் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியோடு பாமசிக்கு வந்தார். ஐஸுக்குள் புதைத்து வைத்த இன்சுலின் குப்பியை எடுத்துக் காட்டி, “பத்திரமாகக் கொண்டுவந்தேன்” என்றார். குப்பியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். திரிந்த பால்போல உள்ளே திட்டுத்திட்டாகச் சுற்றியது. உறைந்துபோன இன்சுலின். அதைக் கொட்டத்தான் வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவு கவனமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்!

இன்சுலினுக்குச் சூட்டைவிட உறைதல் பெரிய எதிரி. திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகைக்குள் வைப்பதுதான் முறை. ஆனால் பாவிக்கத் தொடங்கிய குப்பி, 30 பாகையைத் தாண்டாத இடத்தில் குளிரூட்டி இல்லாமலே ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். உங்கள் குப்பிக்கு எத்தனை நாள் என்பது உள்ளேயுள்ள தாளில் இருக்கும். மாரி நாட்களில் திருகோணமலைக் காற்றே பெரும்பாலும் அதற்குள்தான் நிற்கிறது. ஆகவே மின்சாரம் போனதும் பதறவேண்டாம். வெயில் படாத, அடுப்புக்குத் தூரமான இடத்தில் வையுங்கள். திறந்த தேதியைக் குப்பியில் எழுதுங்கள்.

கச்சான் காலத்து மின்வெட்டு வேறு கதை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்த மாதிரி நாட்களுக்கு மண்முட்டி உதவும். பெரிய முட்டிக்குள் சிறியதை வைத்து, இடைவெளியில் ஈரமணலை நிரப்பி, வாயை நனைத்த துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். குப்பியைத் தண்ணீர் புகாத பைக்குள் கட்டி உள்ளே வைக்கவேண்டும். வெளியைவிட உள்ளே சில பாகை குறைந்திருக்கும். காய்ந்த காற்றில்தான் இந்த வித்தை நன்றாக வேலை செய்யும். அடைமழையில் பெரிதாகப் பலன் இல்லை, தேவையும் இல்லை.

வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிப் பாக்கெட்டைப் பாதி பாதியாகக் கரைக்கலாமா? – உப்புவெளி

கூடாது. ஒரு லீற்றர் பாக்கெட் என்றால், முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். தூள் பாக்கெட்டுக்குள் சமமாகக் கலந்திருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 24 மணித்தியாலம் கடந்ததை ஊற்றிவிடுங்கள்.

வெள்ளத்தில் அப்பாவின் மருந்துப் பை நனைந்துவிட்டது. அட்டைக்குள் இருந்த குளிசைகளைக் காயவைத்துப் போடலாமா? – நிலாவெளி

வெள்ளநீரில் மலசலகூடக் குழியும் கலந்திருக்கும். ஆகவே பொதுவிதி: கழித்துவிடுங்கள். பாணி, கண்ணில் விடும் மருந்து, உறையில் போட்டுத் தந்த குளிசை எல்லாவற்றுக்கும் இதில் மாற்றமே இல்லை. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான இதய மருந்து, வலிப்பு மருந்து போன்றவை மட்டும், உள்ளே துளி ஈரம்கூடப் போகாமலும் நிறம் மாறாமலும் இருந்தால், புதியது கிடைக்கும்வரை ஓரிரு வேளைக்குப் போடலாம். வெற்று அட்டைகளை எறியவேண்டாம். பெயர் தெரியாமல் “வெள்ளை நிறத்தில் சின்னக் குளிசை” என்று வருபவர்களோடு நாங்கள் படும் பாட்டை நீங்கள் அறியமாட்டீர்கள்.

ஊரடங்குக் காலத்தில் மருந்துத் துண்டைப் படமெடுத்து அனுப்பி மருந்து எடுத்தோம். இப்போதும் அப்படிச் செய்யலாமா? – திருக்கடலூர்

2020 மார்ச் 20இல் நாடு அடங்கியபோது வேறு வழி இருக்கவில்லை. பாமசிகள் வீடுகளுக்கு மருந்து கொண்டுபோயின. கிளினிக் மருந்துகளைத் தபாற்காரர் கொண்டுவந்த வீடுகளும் உண்டு. தபாற்காரர்களுக்கு நாம் போதுமான அளவு நன்றி சொல்லவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

ஆனால் படங்கள் பாடாய்ப்படுத்தின. தேதி உள்ள மூலை வெட்டுப்பட்டிருக்கும். தைரொக்சின் 50 மைக்ரோகிராமா 150 மைக்ரோகிராமா என்று தெரியாதபடி மடிப்பு விழுந்திருக்கும். ஒருவர் காலமான தந்தையின் துண்டைத் தவறுதலாக அனுப்பியிருந்தார். அவசர நாட்களில் அனுப்புங்கள், ஆனால் கிளினிக் கொப்பியின் முழுப் பக்கமும் தெரியவேண்டும். கூடவே கடைசியாக வாங்கிய குளிசை அட்டையின் படமும் வேண்டும். வழமையான நாட்களில் துண்டோடு நேரில் வாருங்கள்.

லண்டனில் மகள் பாமசியிலேயே தடுப்பூசி போட்டுக்கொள்கிறாள். இங்கே ஏன் முடியாது? – ஓர்ஸ் ஹில்

இங்கிலாந்தில் 2015இலிருந்து பாமசிகளில் பருவகால இன்புளுவென்சா ஊசி போடுகிறார்கள். நம் நாட்டில் 2021 ஜனவரி 29இல் கொவிட் தடுப்பூசி தொடங்கியபோதும் பாமசி அதில் இல்லை. ஊசி குத்துவது இலகு. குத்தியபின் ஒருவர் ஒவ்வாமையால் மூச்சுத் திணறினால் அட்ரினலின் கொடுக்கப் பயின்ற கை வேண்டும். பதிவு வேண்டும், ஊசிமருந்தை வழியெங்கும் குளிரிலேயே வைத்திருக்கும் குளிர்ச்சங்கிலி வேண்டும், சட்டமும் இடம்கொடுக்கவேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மருந்துகள் ஒழுங்குறுத்தல் சட்டம் வந்து இத்தனை வருடமாகியும், உரிமப் பத்திரத்தில் பெயர் மட்டும் தொங்க, மருந்தாளர் இல்லாமல் ஓடும் கடைகள் இருக்கின்றன. முதலில் அதைச் சரிசெய்வோம். ஊசியைப் பிறகு பேசலாம்.

பாமசியில் உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதம். அடுத்த வெள்ளத்துக்கு முன் நாங்கள் என்ன செய்து வைக்கவேண்டும்? – திருகோணமலை நகர்

இம்முறை எனக்குப் பிடித்த கேள்வி உங்களுடையதுதான், தம்பி.

ஜீவனி, பரசிற்றமோல், தொய்வுக்கான பம்ப், இன்சுலின், பிரஷர் குளிசைகள் ஆகியவற்றை மழைக்கு முன் நிரப்பச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். தட்டுப்பாடு வந்தால் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்குக் கேட்பவர் வசதியுள்ளவர். அவருக்குப் பின்னால் நிற்பவரிடம் பஸ் காசு மட்டும்தான் இருக்கும். ஒரு கம்பனியின் மருந்து முடிந்து இன்னொன்றைக் கொடுக்கும்போது, “பழைய பெட்டியும் இதுவும் ஒரே மருந்துதான், இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்” என்று வாயால் சொல்லுங்கள். 2022இல் லொசார்டன் என்ற பிரஷர் குளிசையை இரண்டு பெயரில் போட்டுத் தலைசுற்றி விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஒரே ஒழுங்கையிலிருந்து ஒரே வாரத்தில் மூன்று நான்கு பேர் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தால், பொதுச் சுகாதார பரிசோதகருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். நோயை அறிவிக்கும் படிவத்தை வைத்தியர்தான் நிரப்புவார். ஆனால் வைத்தியரிடம் போகாதவர்கள் முதலில் வருவது உங்கள் மேசைக்குத்தான்.

கடைசியாக, ஒரு கொப்பி போடுங்கள். உங்களிடம் இன்சுலினும் வலிப்பு மருந்தும் வாங்குபவர்களின், அவர்கள் சம்மதத்தோடு, பெயர், தொலைபேசி இலக்கம், மருந்து, அளவு, வெள்ளம் வந்தால் எந்த உறவினர் வீட்டுக்குப் போவார்கள் என்பதை எழுதிவையுங்கள். மேசை லாச்சிக்குள் வைக்காதீர்கள். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். பொலித்தீன் பையில் சுற்றி மேல்தட்டில், மற்றவர் கண்ணில் படாமல், பாணிப் போத்தல்களுக்குப் பின்னால் வையுங்கள்.