குடியாத்தம் வெயிலில் வெள்ளைப்புழு நிற்குமா?

கேள்வி: மாடியில் ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன். தீவனத்துக்காக ஆன்லைனில் 600 ரூபாய்க்கு வெள்ளைப்புழு டப்பா ஒன்று வாங்கினேன். கடற்கரைப் புழு என்பதால் மண்ணில் உப்பு கலக்கச் சொன்னார் விற்றவர். கலந்தேன். பத்தே நாளில் எல்லாம் செத்து நாறுகிறது. உப்பு பத்தவில்லையா? – வாசகர், குடியாத்தம்

பதில்: உப்பை விடுங்கள். புழுவைக் கொன்றது வெயில்.

என்கிட்ரேயஸ் ஆல்பிடஸ் என்ற இந்தப் புழு வட ஐரோப்பா, கிரீன்லாந்து போன்ற குளிர்க் கடற்கரைகளில் ஒதுங்கி அழுகும் கடற்பாசிக் குவியலில் வாழ்வது. உடம்பில் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டு, உறைந்துபோனாலும் பிழைத்துக்கொள்ளும். உப்பு கட்டாயமில்லை, தோட்ட மண்ணிலும் இருக்கும். அதற்குத் தேவை 15 முதல் 20 டிகிரி. நம் ஊர் சித்திரையில் 40 தாண்டுகிறது.

விற்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். 'உயிருள்ள சரக்கு, பணம் திரும்பாது' என்று முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். கொளுத்தும் வெயிலில் சாதாரண கூரியரில் அனுப்புகிறார்கள். டப்பாவில் இனப்பெயர்கூட இருப்பதில்லை, கேட்க நாதியில்லை. இதில் இன்னொரு கூத்து: மண்புழு உரக்குழியில் தானாக வரும் பொடி வெள்ளைப் புழுவையே வாரி 'இம்போர்ட்டட்' என்று விற்பவர்களும் உண்டு. கறுப்புத் தட்டில் தண்ணீர் விட்டு நாலைப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த ஆல்பிடஸ் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும். எல்லாமே ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் அது வேறு.

ஏலகிரியில் வீடு இருந்தால் கதை வேறு. அங்கே மார்கழி, தை மாதங்களில் தெர்மாகோல் பெட்டியில், நிழலில் வைத்தால் நிற்கும். பங்குனி பிறந்ததும் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் தினமும் மாற்றி வைக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் போச்சு. ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்பீர்கள். சாகாது, ஆனால் பெருகவும் பெருகாது. அப்புறம் வீட்டில் யார் சம்மதிப்பார்கள்?

உங்களுக்கு கிரிண்டல் புழு போதும். அதே குடும்பம், சிறியது, 25 டிகிரியிலும் பெருகும். கோடையில் அதையும் வீட்டுக்குள் தரையோரம் வையுங்கள், மாடியில் வேண்டாம். ஊறிய ஓட்ஸ் ஒரு சிட்டிகை. தீர்ந்த பிறகே அடுத்தது, இல்லாவிட்டால் உண்ணி மொய்க்கும். கொழுப்பு அதிகம் என்பதால் வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு நாள் கொடுத்தால் சரி. மலிவு என்று சாக்கடையில் அள்ளும் சிவப்புப் புழுவின் பக்கம் போகாதீர்கள்.

செத்த டப்பாவைத் தொட்டியில் கொட்டாதீர்கள், தண்ணீர் கெடும். செடிக்கும் வேண்டாம், உப்பு போட்டிருக்கிறீர்களே.