கேள்வி நேரம்: வந்த குருவியே திரும்ப வந்தா எப்படி எண்ணுறது?

அக்கா, வீட்டுக்குப் பின்னாடி ஃபீடர், அதான் பறவைங்களுக்குத் தீனி வைக்கிற தட்டு, மாட்டி மூணு மாசமாச்சு. தினம் காலைல ஒரு மணி நேரம் உக்காந்து எண்ணுறேன். நேத்து சிட்டுக்குருவி முதல்ல 3 வந்துச்சு, அப்புறம் 5, கடைசியா 4. நோட்டுல 12ன்னு எழுதினேன். தங்கச்சி 5னு எழுதுங்கறா. யார் சொல்றது சரி?

தங்கச்சி சொல்றதுதான் சரி தம்பி, 5தான். முதல்ல வந்த மூணும் போயி, அதே மூணு இன்னும் ரெண்டைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம் இல்லையா, கால்ல வளையம் கிளையம் போட்டிருந்தா ஒழிய இது அதுதான்னு நம்மால சொல்லவே முடியாது. அதனாலதான் ஒரே சமயத்துல ஒண்ணா கண்ணுல பட்டது அதிகபட்சம் எத்தனையோ அதை மட்டும் எழுதுறது, வந்த தடவையெல்லாம் கூட்டுறது இல்லைன்னு ஃபீடர் கணக்கெடுப்புகள்ல வழக்கமா வெச்சிருக்காங்க. சிக்கடின்னு ஒரு குட்டிப் பறவை இருக்கு, அது ஒரு விதையைக் கவ்வும், பக்கத்துக் கிளைக்குப் பறக்கும், கால்ல இடுக்கிக் கொத்தி உடைச்சுத் தின்னும், உடனே அடுத்த விதைக்கு வந்து நிக்கும். வர்றதையெல்லாம் கூட்டினா ஒத்தைப் பறவையை ஒரு கூட்டமா எழுதி வெச்சிருப்போம்.

நிஜத்துல 5க்கு மேலயும் வந்திருக்குமேன்னு தோணும். வந்திருக்கும்தான். நாம குறைச்சுத்தான் எண்ணுறோம், ஆனா தினம் ஒரே முறையில குறைச்சு எண்ணுறோம், அதனால போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். அதுக்கு எவ்வளவு நேரம் உக்காந்தீங்கன்னு பக்கத்துல எழுதணும், பத்து நிமிஷ எண்ணிக்கையும் ஒரு மணி நேர எண்ணிக்கையும் ஒண்ணு கிடையாது. பழைய பக்கங்கள்ல 3, 5, 4ன்னு தனித்தனியா குறிச்சிருந்தா திருத்திக்கலாம், கூட்டின எண் மட்டும்தான் இருக்குன்னா மேல ஒரு கோடு போட்டுட்டு விட்டுடுங்க, யூகிச்சு மாத்தாதீங்க.

மேடம், சில நாள் ஒரு பறவைகூட வர்றதில்ல. அந்த நாளுக்கு என்ன எழுதுறதுன்னு தெரியாம விட்டுடறேன். வெறும் பக்கத்தால யாருக்கு என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்வியைப் பாத்ததும் எனக்கு மனசு பதறிடுச்சு, ஏன்னா நானும் இதையேதான் பண்ணினேன். எண்ண ஆரம்பிச்ச முதல் வருஷம் பறவை வராத நாளையெல்லாம் சோம்பல்ல விட்டுட்டேன், வருஷக் கடைசில நோட்டைப் புரட்டினா எல்லாப் பக்கத்துலயும் பறவை, ஆகா நம்ம இடத்துல நல்லா பெருகியிருக்குன்னு சந்தோஷப்பட்டேன். அது பொய்க் கணக்குன்னு அடுத்த வருஷம்தான் புரிஞ்சுது, போன காலத்துக்குத் திரும்பிப் போயி எண்ண முடியுமா என்ன, அந்த ஒரு வருஷம் போனது போனதுதான்.

அதனால தயவுசெஞ்சு 0ன்னு எழுதுங்க. நேரத்தோட எழுதுங்க. "உக்காந்தேன், பாத்தேன், வரல"ங்கறதும் ஒரு தகவல். வராததுக்குக் காரணம் ஆயிரம் இருக்கும், சுத்துவட்டாரத்துல மரத்துலயே பழமும் புழுவும் நிறைய இருக்கலாம், பக்கத்துல ஒரு வேட்டைப் பறவை உக்காந்திருக்கலாம், அது இருந்தா குட்டிப் பறவைங்க மூச்சுகூட விடாது. காரணம் உடனே தெரிய வேண்டியதில்ல, எண் இருந்தா பின்னாடி யாராவது கண்டுபிடிப்பாங்க.

பிரிட்டன்ல ஆர்.எஸ்.பி.பி.ங்கற பறவைப் பாதுகாப்பு அமைப்பு 1979ல இருந்து ஜனவரி கடைசில தோட்டப் பறவை எண்ணுது, ஒரே ஒரு மணி நேரம்தான், முதல்ல குழந்தைகளுக்காகன்னு ஆரம்பிச்சது. அந்த முதல் வருஷம் முதல் பத்து இடத்துக்குள்ள இருந்த சாங் த்ரஷ்ங்கற பறவை பின்னாடி ரொம்ப கீழ இறங்கிப்போச்சு, இத்தனை வருஷம் வீட்டு ஜன்னல்கிட்ட உக்காந்து எண்ணினவங்களோட நோட்டுலதான் அந்த இறக்கம் தெரியுது. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 1976ல ஒரு ஃபீடர் கணக்கெடுப்பு ஆரம்பிச்சுது, அதுதான் 1987ல அமெரிக்காவும் சேர்ந்து ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச் ஆச்சு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி என்னன்னா எண்ணப்போற நாளை முன்கூட்டியே முடிவு பண்ணிக்கணும். இன்னிக்குக் கூட்டமா வந்திருக்கே, இன்னிக்கே எண்ணிடலாம்னு உக்காந்தா கணக்கு நிஜத்தைவிட அதிகமாக் காட்டிடும். எண்ணாத நாள்ல அபூர்வமா ஏதாவது வந்துச்சுன்னா, அதைத் தனிப் பக்கத்துல எழுதி வெச்சுக்கோங்க, கணக்குல சேக்காதீங்க.

இப்படி வருஷக்கணக்குல செய்ய முடியாதுன்னா கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட் இருக்கு, 1998ல ஆரம்பிச்சது, 2013ல இருந்து உலகம் முழுக்க நடக்குது, பிப்ரவரில நாலு நாள், 15 நிமிஷம் எண்ணினாப் போதும்.

அக்கா, ரெண்டு நாளா ஒரு பறவை உடம்பை உப்பிக்கிட்டு தட்டுலயே உக்காந்திருக்கு. கண்ணு வீங்கி ஒட்டியிருக்கு. கிட்டப் போனாலும் பறக்கல. அதுக்கு இன்னும் கொஞ்சம் தீனி வைக்கட்டுமா?

வேண்டாம்மா. இதைப் படிச்ச உடனே ஃபீடரைக் கழட்டிடுங்க. பாவமாத்தான் இருக்கும், ஆனா நோய் வந்த ஒண்ணு உக்காந்த அதே விளிம்புலதான் அடுத்தது வந்து மூக்கை வைக்குது. 1994ல அமெரிக்காவுல வாஷிங்டன் பக்கம் ஹவுஸ் ஃபின்ச் பறவைங்களுக்கு இப்படித்தான் கண்ணு வீங்க ஆரம்பிச்சுது, ஃபீடர்ல பறவை பாக்குறவங்க கண்ணுலதான் முதல்ல பட்டுச்சு. கோழிங்ககிட்ட இருக்கற மைக்கோப்ளாஸ்மாங்கற பாக்டீரியாதான் காரணம், கொஞ்ச வருஷத்துலயே கிழக்கு அமெரிக்கா பூரா பரவிடுச்சு. பிரிட்டன்ல 2005ல இருந்து ட்ரைக்கோமோனாங்கற ஒட்டுண்ணி க்ரீன்ஃபின்ச்சைத் தாக்கி, 2021ல அந்தப் பறவையை, ஆபத்துல இருக்கற பறவைங்களோட சிவப்புப் பட்டியல்ல சேக்குற அளவுக்குக் குறைச்சிடுச்சு. நல்லதுன்னு நினைச்சு வெச்ச தட்டுதான் அங்க நோய் கைமாறுற இடமாவும் ஆயிடுச்சு, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வராது.

கையுறை போட்டுக்கிட்டு பழைய தீனியைக் கொட்டி அப்புறப்படுத்துங்க, சோப்புத் தண்ணில தேச்சுக் கழுவுங்க, அப்புறம் 9 பங்கு தண்ணிக்கு 1 பங்கு ப்ளீச் கலந்து பத்து நிமிஷம் ஊற வெச்சு, வாசனை போற வரைக்கும் அலசி, நல்லா காய வைங்க. கீழ விழுந்து கிடக்கற தொலியும் எச்சமும் கூட்டி அள்ளணும், நிறைய பேர் அதை மறந்துடறாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மாட்டினா போதும், பறவைங்க பட்டினி கிடக்காது, ஃபீடர் அதுங்களுக்கு ஒரு கூடுதல் இடம், அவ்வளவுதான். நோய் எதுவும் இல்லாதப்பவும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கழுவுங்க. அந்தப் பறவையைப் பாத்த தேதியையும் நோட்டுல எழுதுங்க.

ஜன்னல் கண்ணாடில பறவை வந்து மோதுது. ஃபீடரைத் தள்ளி வைக்கணுமா?

ஒண்ணு ரொம்பக் கிட்ட வைங்க, இல்ல ரொம்பத் தள்ளி வைங்க. கண்ணாடிலேர்ந்து 1 மீட்டருக்குள்ள இருந்தா பறவை பயந்து எழும்பினாலும் வேகம் எடுக்காது, 10 மீட்டருக்கு அப்பால இருந்தா கண்ணாடிப் பக்கம் வர்றது குறையும். இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து. கண்ணாடிக்கு வெளிப்பக்கமா 5 சென்டிமீட்டர் இடைவெளில புள்ளி புள்ளியா ஒட்டுங்க, ஒத்தைப் பருந்து ஸ்டிக்கர் ஒட்டினா அதைச் சுத்திக்கிட்டுப் போயி பக்கத்துக் கண்ணாடில மோதும்.