கோலாலம்பூரில் வேலை, பினாங்கில் சட்டமன்றக் கனவு: எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவன், வயது 36. இப்போது கோலாலம்பூர் செந்தூலில் குடியிருந்து, அரசாங்கத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பினாங்கில் சட்டமன்ற உறுப்பினராகி, தமிழ்ப்பள்ளிகளுக்கும் குடியுரிமை கிடைக்காமல் தவிக்கும் நம்மவர்களுக்கும் உதவ வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். வேலையை இப்போதே விட்டுவிடலாமா? எவ்வளவு பணம் தேவைப்படும்?

பதில்: வேலையை இப்போது விட வேண்டாம். பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் செய்ய விரும்பும் பணி அந்தப் பதவியின் அதிகாரத்துக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலர் வெற்றி பெற்ற பிறகுதான் இதைப் பார்க்கிறார்கள்.

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வியும் குடியுரிமையும் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில் உள்ளன. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பொறுப்பில் உள்ளன. சிவப்பு அடையாள அட்டையோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு உரியது) தொகுதிச் சேவை மையத்துக்கு வரும் ஒரு மூதாட்டிக்காகச் சட்டமன்ற உறுப்பினர் பாரங்களை நிரப்பித் தரலாம், தேசியப் பதிவுத் துறைக்குக் கடிதம் எழுதலாம், அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு அலுவலகம் வரை போகவும் செய்யலாம். ஆனால் முடிவெடுப்பது உள்துறை அமைச்சு. தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை, பினாங்கு மாநில அரசாங்கம் அவற்றுக்கு நிதி ஒதுக்கி வருகிறது, பள்ளி நிலம் தொடர்பான சிக்கல்களில் மாநிலத்தின் கை வலுவானது. ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டமும் கல்வி அமைச்சின் வேலை. மாறாக, கோயில் நிலம், மயானம், மலிவுவிலை அடுக்குமாடி வீடு, வெள்ளம், அடைத்துக்கொண்ட கால்வாய், அங்காடிக் கடை உரிமம் ஆகியவற்றில் சட்டமன்ற உறுப்பினரின் சொல்லுக்கு உண்மையான எடை உண்டு. இவற்றில் மனம் ஒன்றாதவருக்கு அந்த ஐந்தாண்டுகளும் சுமையாகிவிடும். சட்டமன்றம் ஆண்டில் சில வாரங்களே கூடும். எஞ்சிய நாள்களெல்லாம் இந்த வேலைதான்.

குடியுரிமைச் சட்டத்தை மாற்றுவதே உங்கள் நோக்கம் என்றால், நீங்கள் போக வேண்டிய இடம் நாடாளுமன்றம். சட்டமன்றத்தின் வழியாக அங்கே சென்றவர்கள் உண்டு: ஆர்.எஸ்.என். ராயர் 2008 முதல் 2018 வரை ஸ்ரீ டெலிமா சட்டமன்ற உறுப்பினராக இருந்து, அதன் பிறகு ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றார். முதல் படியாகச் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. அதைத் தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது வசிப்பிடம். 1974 பிப்ரவரி 1 முதல் கூட்டரசுப் பிரதேசமாக, அதாவது மத்திய அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்பில், இருக்கும் கோலாலம்பூருக்குச் சட்டமன்றமே கிடையாது. பினாங்கில் நிற்பவர் அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். குறிப்பிட்ட தொகுதிக்குள்ளேயே வீடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறையில் பிறந்தீர்கள் என்பது வாக்காளரிடம் பேசும்போது உதவுமே தவிர, வேட்புமனுவுக்கு அது போதாது.

உங்கள் பணி தொடர்பான சட்டம் தெளிவானது. பொதுச்சேவையில் முழுநேரப் பதவி வகிப்பவர் சட்டமன்ற உறுப்பினராகத் தகுதியற்றவர் என்பதால், வேட்புமனு நாளுக்கு முன்பே நீங்கள் பணியிலிருந்து விலகியிருக்க வேண்டும். பணியில் இருக்கும்போது கட்சி வேலை செய்வதற்கும் 1993-ஆம் ஆண்டின் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகள் கட்டுப்பாடு விதிக்கின்றன. உங்கள் பதவி நிலைக்கு எது பொருந்தும் என்று துறைத் தலைவரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் ஊழியர் 40 வயதில் விருப்ப ஓய்வு கேட்க வழியுண்டு. அதற்கு முன் ராஜினாமா செய்தால் ஓய்வூதியம் கைவிட்டுப் போகும். உங்களுக்கு 36 வயது என்பதால், இந்த நான்கு ஆண்டு இடைவெளியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்கிட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சட்டமன்றத் தொகுதிக்குத் தேர்தல் வைப்புத்தொகை 5,000 ரிங்கிட். பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அது பறிபோகும். பிரசாரப் பொருள்களுக்கான வைப்புத்தொகை தனி. சட்டம் அனுமதிக்கும் செலவு வரம்பு 100,000 ரிங்கிட். கட்சி வேட்பாளருக்குப் பெரும்பாலும் கட்சி துணைநிற்கும் என்றாலும், கடன் வாங்கி நிற்காதீர்கள்: திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால் தகுதியே போய்விடும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கட்டம் கட்சியின் வேட்பாளர் பட்டியல். 2023 ஆகஸ்ட் 12 தேர்தலில் பினாங்கின் 40 தொகுதிகளில் நம்பிக்கைக் கூட்டணி 27, பெரிக்காத்தான் நேஷனல் 11, தேசிய முன்னணி 2 என வென்றன. சுயேச்சைக்கு ஓர் இடமும் இல்லை. பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்து, 2008 முதல் பிறைத் தொகுதியின் உறுப்பினராகவும் இரண்டாம் துணை முதலமைச்சராகவும் விளங்கிய பி. இராமசாமிக்கே 2023-இல் கட்சி மீண்டும் வாய்ப்பளிக்கவில்லை. மூன்று தவணை இருந்தவருக்கே நிலை அதுவென்றால், பட்டியலில் பெயர் வரும் என்ற நம்பிக்கையில் மட்டும் ஆசிரியர் வேலையை விடுவது எவ்வளவு துணிச்சலான முடிவு என்று எண்ணிப் பாருங்கள். கட்சியைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் தேவை. பினாங்கு 2012-லேயே கட்சித் தாவல் தடையைத் தன் மாநில அரசியலமைப்பில் சேர்த்தது. அது செல்லும் என்று 2022-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்ற பிறகு கட்சியை விட்டு விலகினால் தொகுதியும் போய்விடும்.

ஆகவே முதல் வேலையாக, பினாங்குப் பள்ளி ஒன்றுக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பியுங்கள். அங்கே சென்றபின், விதிமுறைகள் அனுமதிக்கும் அளவில், குடியிருப்பாளர் சங்கத்திலும் கோயில் நிர்வாகத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் உழையுங்கள். செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும் நில அலுவலகத்துக்கும் மக்களின் புகார்களை எடுத்துச் சென்று, எந்த மேசையில் எந்தக் கோப்பு தேங்குகிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். சேவை மையத்தில் வார இறுதியில் கைகொடுக்க முடியுமா என்று உங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினரைக் கேட்பதற்கு முன், துறைத் தலைவரின் பதில் கையில் இருக்கட்டும்.