தலைக் கணக்க விடுங்க, கறவைக் கணக்கப் பாருங்க

பட்டி, பால், தயிர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு வாசகர்): அப்பா விட்டுட்டுப் போன பட்டியில 60 நாட்டு மாடு நிக்குது. விடியக் கறந்தா 15 லீட்டர் கூட வராது. எல்லாத்தையும் வித்துப்போட்டு 5 ஜேர்சிக் கலப்பு வாங்கச் சொல்லுறாங்க. செய்யலாமா?

பதில்: தம்பி, அவசரப்பட்டு விக்காதீங்க. முதல்ல விடியக்காலமயே பட்டிக்குப் போய் ஒரு கொப்பியில எழுதுங்க, எத்தின மாடு இப்ப கறவையில, எத்தின சினை, எத்தின நாகு (இன்னும் ஈனாத இளம் பசு), எத்தின நாம்பன் (இளங்காளை), எத்தின கிழடாகி சும்மா நிக்குது எண்டு. எங்கட மட்டக்களப்புப் படுவான்கரையில பட்டி வச்சிருக்கிற ஆக்கள்ட்ட கேட்டா தலைக் கணக்கு டக்கெண்டு சொல்லுவாங்க, கறவைக் கணக்கு கேட்டா யோசிப்பாங்க, நட்டம் அங்கதான் ஒளிஞ்சிருக்கு. சினை பிடிக்காத மாடும் கறவை மாடு தின்னுற அதே புல்லத்தான் தின்னுது, அதே குளத்துத் தண்ணியத்தான் குடிக்குது. அதுகளக் கழிச்சு விடுங்க, மிச்சத்துக்கு வயிறு நிறையும், பால் தானா ஏறும்.

மறுகா கண்டுகளக் கவனிங்க. நாட்டு மாடு கண்டு வந்து முலையில நாலு இழுப்பு இழுத்தாத்தான் பால் விடும், கண்டு செத்தா பல மாடு கறக்க விடாது. அப்ப மாரியில நனைஞ்சு குளிர்ல விறைச்சு ஒரு கண்டு செத்தா அந்த ஈத்துப் பாலும் சேந்துதான் போகுது. 2022 டிசம்பர்ல அந்தக் குளிர் காத்துல வடக்கு கிழக்குல ஆயிரத்துக்கும் மேல மாடு ஆடுகள் செத்தத மறந்திருக்க மாட்டீங்க, மெலிஞ்சு கிடந்ததுகளாலதான் குளிரத் தாங்க ஏலாமப் போகும். கண்டுகளுக்கு மட்டுமாவது தகரமோ கிடுகோ போட்டு ஒரு கொட்டில் அடிங்க, தயவுசெஞ்சு.

கலப்பு மாடு கூடாது எண்டு நான் சொல்லல்ல. ஆனா 10 லீட்டர் கறக்கிற மாட்டுக்கு ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல பச்சைப்புல் வேணும், புண்ணாக்கு தவிடு சேர்த்து 4 கிலோ அளவில தீவனம் வேணும், நிழலும் எந்த நேரமும் தண்ணியும் வேணும். கோ-3 புல் நட்டுத் தண்ணி இறைக்க உங்களுக்குக் காணி இருக்கா? இல்லாட்டி தீவனக் கடைக்குத்தான் உழைச்சுக் குடுப்பீங்க. 2017ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கமிருந்து 5,000 மாடு அரசாங்கத் திட்டத்தில கப்பல்ல வந்து வாங்கின பண்ணைக்காரர் பலர் கடன்பட்டு நிண்டாங்க, பெரிய பண்ணைக்கே அந்தக் கதி எண்டா யோசிங்க. என்ட எண்ணம், உங்கட பட்டியிலயே நல்லாக் கறக்கிற பத்து மாட்டத் தெரிஞ்சு ஜேர்சி இல்லாட்டி சாஹிவால் இனத்துச் சினை ஊசி போடுங்க. சினைப்பருவம் 21 நாளைக்கு ஒருக்காத்தான் வரும், காலமை தெரிஞ்சா பின்னேரத்துக்குள்ள ஊசி போடுற ஆளக் கூப்பிடணும், தவற விட்டா இன்னும் 3 கிழமை போச்சு. பிறக்கிற நாகு இந்த வெயிலையும் தாங்கும், தாயவிடக் கூடவும் கறக்கும்.

கேள்வி (செங்கலடி வாசகர்): பெரும்போகம் வந்தா மாட்டக் கொண்டு போ எண்டுறாங்க, எங்க கொண்டு போற? முந்தியும் இப்பிடித்தானா?

பதில்: முந்தி எருமை இல்லாம வேளாண்மையே இல்ல ஐயா. பட்டியோட வயலுக்குள்ள இறக்கி உழக்கித்தான் சேறாக்கினது, களவெட்டியில சூடு மிதிச்சு நெல்லப் பிரிச்சதும் அதுகள்தான், அப்ப மாட்டுக்காரர வயல் சொந்தக்காரப் போடியார் தேடி வருவார். ட்ரக்டரும் மெசினும் வந்த பிறகு அந்த வேலை போச்சு, வயல் வட்டைக்கு மாடு தேவையில்லாத சாமானாப் போச்சு. ஆனா மாடு போற வழக்கம் மாறல்ல, விதைப்புக்கு முன்ன காட்டோர மேய்ச்சல் தரைக்கு, வெட்டு முடிய திரும்ப வயலுக்கு. அந்தத் தரைதான் இப்ப சுருங்குது. மட்டக்களப்பு மயிலத்தமடு மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பர்ல பண்ணையாளர் ரோட்டுல குந்தினதும் இதுக்குத்தான், அம்பாறையில வட்டமடுவிலயும் மேய்ச்சலா வேளாண்மையா எண்டு வருசக்கணக்கா இழுபடுது. மேய்ச்சல் தரை எண்டு எல்லை போட்டு வர்த்தமானியில வராத காணி எப்பவும் ஆபத்துத்தான், அதால போகம் தொடங்க முன்ன வைக்கிற ஆரம்பக் கூட்டத்துக்கு வேளாண்மைக்காரர் மட்டும் போகாம பட்டிக்காரரும் கூட்டமாப் போய் மாடு போற பாதையையும் திகதியையும் எழுத்துல வாங்குங்க. வெட்டின வைக்கலக் கொளுத்த விடாம வாங்கி அடுக்கியும் வைங்க.

கேள்வி (பொத்துவில் சகோதரி): எருமைத் தயிர் போடுறன். நேத்து முழுக்க உறையாம தண்ணியாக் கிடந்திச்சு, உறை மோர் நல்லதுதான்.

பதில்: தங்கச்சி, பால் தந்தவர்ட்ட மாட்டுக்கு மடிவீக்கத்துக்கு ஊசி போட்டாரா எண்டு கேளுங்க. அந்த மருந்து பால்ல வந்தா உறை போடுற கிருமியையே கொண்டு போடும். வைத்தியர் சொன்ன நாள் முடியுமட்டும் அந்த மாட்டுப் பால வாங்காதீங்க. அப்பிடி இல்லாட்டி பாலக் கொதிக்கக் கொதிக்க உறை ஊத்தியிருப்பீங்க, கைபொறுக்கிற சூட்டுக்கு ஆறணும்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): மாட்டு உரிமைத் துண்டு, அதான் வவுச்சர், பிறகு தாறன் எண்டு மாடு விக்கிறாங்க, விலையும் குறைவு, வாங்கவா?

பதில்: வேணாம் நானா. மாட்டில சுட்ட குறியும் வவுச்சரும் ஒத்துப் போகாட்டி களவு மாடெண்டு பொலிஸ் மறிச்சா உங்களுக்குப் பேச வாயில்ல. மாட்டப் பாக்க முன்ன வவுச்சரக் கையில வாங்கிக் குறியப் பாருங்க.